மெட்ரோ தடத்தை மாற்றுவதும் ரயில்களை நிறுத்திவைப்பதும்: திட்டமிடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

1987 மே 24 அன்று நியூயார்க் சப்வேயில் இரண்டு தடங்கள் தங்கள் வடக்கு முனைகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டன. அதுவரை 'ஆர்' ரயில் குயீன்ஸின் அஸ்டோரியாவிலிருந்து புரூக்ளினின் பே ரிட்ஜ் வரை ஓடியது. 'என்' ரயில் ஃபாரஸ்ட் ஹில்ஸிலிருந்து கோனி ஐலண்ட் வரை ஓடியது. பயணிகளுக்கான வரைபடத்தில் இரண்டுமே நல்ல தடங்கள்தான். ஆனால் 'என்' தடத்துக்கு இரு முனையிலும் யார்டு, அதாவது ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் வளாகம், இருந்தது: ஒருபுறம் ஜமைக்கா யார்டு, மறுபுறம் கோனி ஐலண்ட் யார்டு. 'ஆர்' தடத்துக்கோ எந்த முனையிலும் இல்லை. அதன் ரயில்கள் ஒவ்வொரு நாளும் வேறு தடங்களின் வழியே வந்துதான் தங்கள் வேலையைத் தொடங்க வேண்டும், அப்படியே திரும்பவும் வேண்டும். முனைகளை மாற்றியதும் ஆளுக்கொரு யார்டு கிடைத்தது. அஸ்டோரியாவுக்கும் பே ரிட்ஜுக்கும் இடையே இருந்த நேரடி ரயில் போனது. இன்றும் அந்த இரண்டு தடங்களும் 1987-இல் அமைந்த முனைகளோடுதான் ஓடுகின்றன.

நகர ரயிலில் தடம் மாற்றம் என்றாலே எந்த ஊரை எந்த ஊரோடு இணைப்பது என்ற பேச்சுதான் முதலில் எழும். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். இரவு ரயில்கள் எங்கே நிற்கின்றன என்ற படத்தை முதலில் வரையுங்கள். பகல் படம் அதிலிருந்துதான் வரும். தண்டவாளத்தை நீட்டப் பணம் இருந்தாலும், நகரத்துக்குள் இருபது ரேக் (பெட்டிகள் கோத்த முழு ரயில்) நிறுத்த நிலம் கிடைப்பது அரிது.

படி 1: எதற்காக மாற்றுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"சேவையை மேம்படுத்த" என்பது காரணமாகாது. "காலை எட்டரைக்கு இந்த ஜங்ஷனில் ரயில்கள் சிக்னலுக்காகக் காத்து நிற்கின்றன", "இந்த முனையில் இறங்குவோரில் பாதிப்பேர் வேறு ரயிலுக்கு மாறுகிறார்கள்", "பாலப் பணிக்காக இந்தப் பகுதியை ஓராண்டு மூட வேண்டும்" போன்றவைதான் காரணங்கள். வாக்கியம் தெளிவாக இருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது தீர்ந்ததா என்று அளக்க முடியும்.

லண்டனின் சர்க்கிள் தடம் இதற்கு நல்ல பாடம். பெயருக்கேற்ப அது முடிவில்லாத வட்டமாகச் சுற்றிவந்தது. முனை இல்லாததால் தாமதமான ரயில் நேரத்தை மீட்டுக்கொள்ள இடமில்லை. ஒரு சுற்றில் விழுந்த தாமதம் அடுத்த சுற்றுக்கும் போனது. 2009 டிசம்பர் 13 முதல் வட்டத்தை எட்ஜ்வேர் ரோட்டில் உடைத்து, ஒரு வாலாக ஹேமர்ஸ்மித் வரை நீட்டினார்கள். இப்போது ரயில் இரண்டு முனைகளில் நின்று மூச்சுவாங்கிக் கிளம்புகிறது. ஹேமர்ஸ்மித் பக்கத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு ரயில்கள் கிடைத்தன. எட்ஜ்வேர் ரோட்டைத் தாண்டிச் சுற்றிப் போனவர்கள் அங்கே இறங்கி மாற வேண்டியதாயிற்று. காரணம் தெளிவாக இருந்ததால்தான் அந்த இழப்பைப் பொதுமக்களிடம் எடுத்துச் சொல்ல முடிந்தது.

படி 2: எந்த ரயில் எங்கே போக முடியும்?

இதற்கு ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நடைமேடை நீளம், பெட்டியின் அகலத்துக்கும் வளைவுக்கும் உள்ள வரம்பு, மின்சாரம் மேல்கம்பியா மூன்றாம் தண்டவாளமா, சிக்னல் முறை எது, நடைமேடை ஓரத்துக் கதவுத் தடுப்பு எந்த நீளத்துக்கு என்று வரிசையாக எழுதுங்கள். ஒரே நிறுவனத்தின் தண்டவாளம் என்பதற்காக எல்லா ரேக்கும் எங்கும் ஓடிவிடாது.

நியூயார்க்கில் 2010 ஜூன் 27 அன்று செலவைக் குறைக்க 'வி' தடத்தை நிறுத்தினார்கள். அதன் இடத்துக்கு 'எம்' ரயிலைத் திருப்பி, மன்ஹாட்டன் வழியாக ஃபாரஸ்ட் ஹில்ஸுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு தனித்தனிப் பகுதிகள், இறங்கி மாறத் தேவையில்லாமல், ஒரே ரயிலால் இணைந்தன. ஆனால் 'எம்' தடத்தின் புரூக்ளின் பக்க நடைமேடைகளில் 480 அடி ரயில்தான் நிற்கும், அதாவது 60 அடிப் பெட்டிகள் எட்டு. குயீன்ஸ் பக்க நடைமேடைகள் 600 அடி ரயிலுக்குக் கட்டியவை. நீள நடைமேடையில் குட்டை ரயிலைத்தான் ஓட்ட முடியும். 75 அடி நீளப் பெட்டிகளை அந்தத் தடத்துக்கு விடவே முடியாது. ஆகவே எந்த யார்டில் எந்த வகை ரேக் நிற்க வேண்டும் என்பதும் இந்தத் தட மாற்றத்தோடு சேர்ந்து முடிவாகிவிடுகிறது.

அட்டவணையில் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: யார்டின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது? யார்டிலிருந்து வெளிவரும் ரயில் வடக்கே நேராகப் போகலாம், தெற்கே போக வேண்டுமானால் ஒருமுறை நின்று திரும்ப வேண்டும் என்றால், அந்தத் திரும்பல் காலை நெரிசலில் முதன்மைத் தண்டவாளத்தை அடைக்கும்.

படி 3: எத்தனை ரேக் வேண்டும்?

கணக்கு எளிது, ஆனால் கண்டிப்பாகப் போட வேண்டியது. ஒரு ரயில் போய்வந்து மீண்டும் கிளம்பும் முழுச் சுற்று நேரத்தை, ரயில்களுக்கு இடையிலான இடைவெளியால் வகுங்கள். வருவதுதான் ஓட்டத்தில் இருக்க வேண்டிய ரேக்குகளின் எண்ணிக்கை.

கற்பனையாக ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவழிப் பயணம் 42 நிமிடம், ஒவ்வொரு முனையிலும் திரும்ப 5 நிமிடம். முழுச் சுற்று 94 நிமிடம். 4 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 23.5, ஆக 24 ரேக். இதை மூன்று நிலையங்கள் நீட்டுகிறோம், ஒருவழிக்கு 6 நிமிடம் கூடுகிறது என்று வையுங்கள். சுற்று 106 நிமிடம், வகுத்தால் 26.5, எனவே 27 ரேக். வெறும் மூன்று நிலையத்துக்கு மூன்று ரேக் கூடுதல். பழுது, பராமரிப்பு, அவசரத்துக்கென்று பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேர்த்தால் மொத்தம் 30-ஐ எட்டிவிடும். இந்த 30-க்கும் இரவில் இடம் வேண்டும்.

பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கும்போது கிடைக்கும் ஓரிரு நிமிடத்தை வீணென்று நினைக்காதீர்கள். அதை முனையில் வைத்தால் தாமதத்தை விழுங்கும். நடுவழியில் தூவினால் பயணிக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

படி 4: முனையில் திரும்ப முடிகிறதா?

இரண்டு நடைமேடை, அதற்கு முன்னால் ஒரு கத்தரிக்கோல் கிராஸ்ஓவர், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ரயில் மாற X வடிவில் அமைந்த இணைப்பு. பெரும்பாலான முனைகளின் அமைப்பு இதுதான். 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் வந்தால் ஒவ்வொரு நடைமேடைக்கும் 6 நிமிடத்துக்கு ஒரு ரயில் சேரும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தண்டவாளம் பிரியும் பாயின்ட்டைக் கடந்து பாதை விடுபட ஆகும் நேரத்தைக் கழித்தால், பயணிகள் இறங்கி ஏறவும் ஓட்டுநர் மறுமுனைக்குப் போகவும் சுமார் 4 நிமிடம் கிடைக்கும். நான்கு பெட்டி மெட்ரோவுக்கு அது போதும். பத்துப் பெட்டி ரயிலில் ஓட்டுநர் நடந்துபோகவே கணிசமான நேரம் பிடிக்கும். அப்போது அடுத்த ஓட்டுநரை மறுமுனையில் முன்கூட்டியே நிறுத்தி, வந்தவர் பின்னால் வரும் ரயிலை எடுத்துக்கொள்ளும் முறையைக் கையாளலாம். லண்டனில் இது பழகிய வழக்கம்.

நடைமேடையைத் தாண்டித் தண்டவாளம் சற்று நீண்டிருந்தால் அது பெரிய வரம். ரயிலைக் காலியாக்கி அந்த வாலுக்குள் அனுப்பித் திருப்பலாம், பழுதான ரேக்கை ஒதுக்கலாம், இரவில் இரண்டை நிறுத்தலாம். புதிய தடம் கட்டும்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் இந்த வால்தான். அதை வெட்ட விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பத்து ஆண்டுகள் கழித்து அதைச் சேர்க்க வேண்டுமானால் ஓடும் தடத்தை மூடித்தான் சேர்க்க முடியும்.

படி 5: ஜங்ஷனில் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள்?

தடங்கள் பிரியும், சேரும் இடங்களை மட்டும் தனியே வரைந்து, ஒவ்வொன்றிலும் மணிக்கு எத்தனை ரயில்கள் ஒன்றையொன்று தடுக்கின்றன என்று எண்ணுங்கள்.

அண்மைக்கால உதாரணம் மீண்டும் நியூயார்க்தான். குயீன்ஸ் பூல்வார்டு தடத்தில் விரைவு ரயிலுக்கு இரண்டு, எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு இரண்டு என நான்கு தண்டவாளங்கள். 'ஈ', 'எஃப்' இரண்டும் விரைவு ரயில்கள். 'எம்', 'ஆர்' இரண்டும் எங்கும் நிற்பவை. ஆனால் மன்ஹாட்டனிலிருந்து 'ஈ'யும் 'எம்'மும் 53-ஆம் தெரு வழியாக ஒன்றாக வந்தன. 'எஃப்' 63-ஆம் தெரு வழியாக வந்தது. அதனால் குயீன்ஸுக்குள் நுழைந்ததும் 'எம்' ஒரு தண்டவாளத்திலிருந்து விலகி மறு தண்டவாளத்துக்குப் போகும், கொஞ்சம் தள்ளி 'எஃப்' வந்து 'ஈ'யோடு சேரும். ஒன்றில் தாமதம் என்றால் நான்கிலும் பரவும். 2025 டிசம்பர் 8 முதல் வாரநாட்களின் பகல் நேரத்தில் 'எஃப்', 'எம்' இரண்டையும் இடம் மாற்றினார்கள். இப்போது விரைவு ரயில்கள் இரண்டும் ஒரே சுரங்கத்தில் வருகின்றன. 'எம்' 63-ஆம் தெரு வழியாக வந்து நேராகத் தனக்குரிய தண்டவாளத்தில் சேர்கிறது. புதிதாக ஒரு மீட்டர் தண்டவாளம் போடவில்லை.

இந்த மாதிரி மாற்றத்துக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லோருக்கும் எல்லா ஊருக்கும் நேரடி ரயில் என்ற ஆசை ஜங்ஷன்களை நெரிக்கும். சிலர் ஒரு நடைமேடை மாறுவதற்கு ஈடாக எல்லோருக்கும் நேரத்துக்கு ரயில் வருமானால் அது நியாயமான பேரம். நடைமேடை மாறுவது படி ஏறாமல், குறுக்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

படி 6: இரவுப் படம்

இனி முதலில் சொன்ன அந்தப் படத்தை முழுமையாக்க வேண்டும். எல்லா ரேக்குக்கும் இரவில் ஒரு முகவரி எழுதுங்கள்: பணிமனை, ஸ்டேபிளிங் லைன் (ரயில்களை நிறுத்திவைக்கும் தண்டவாளம்), முனையின் வால், நிலைய நடைமேடை, நடுத் தண்டவாளம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி பொருந்த வேண்டும். மாலையில் எத்தனை உள்ளே வருகிறதோ காலையில் அத்தனை வெளியே போக வேண்டும். வடக்கு முனையில் ஆறு வந்து நிற்க, காலையில் அங்கிருந்து எட்டு கிளம்ப வேண்டும் என்று கால அட்டவணை சொன்னால், இரண்டு ரேக் பயணிகள் யாரும் இல்லாமல் காலியாக ஓடிவர வேண்டியிருக்கும். ரேக் லிங்க், அதாவது எந்த ரேக் எந்தெந்தப் பயணங்களை ஓடும் என்ற பட்டியல், போடுவோர் இந்தச் சமனைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சென்னை மெட்ரோவில் இந்தக் கணக்கின் எடை நன்றாகத் தெரியும். முதல் கட்டத்தின் பணிமனை கோயம்பேட்டில், சென்ட்ரல்–பரங்கிமலை தடத்தின் மேல் அமைந்தது. விமான நிலையத் தடத்தின் ரேக்குகள் ஆலந்தூர் அருகே உள்ள இணைப்பைத்தான் நம்பியிருந்தன. தடம் வடக்கே விம்கோ நகர் வரை நீண்டபோது அந்த முனையிலேயே இரண்டாவது பணிமனை வந்தது. விம்கோ நகர் டெப்போ நிலையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. காலை 5 மணிக்கு வடகோடியில் முதல் ரயில் என்றால், அது நகரத்தின் மறுபுறத்திலிருந்து காலியாக வர வேண்டியதில்லை. காலியாக வருமானால், அது வரும் வழியெங்கும் பராமரிப்பு ஆட்கள் தண்டவாளத்தைவிட்டு அவ்வளவு முன்னதாகவே விலக வேண்டும். இரவு 11 மணிக்குக் கடைசி ரயில்கள் கிளம்பி, முனை சேர்ந்து, மின்சாரத்தை அணைத்து, ஆட்கள் இறங்கி வேலை தொடங்கும்போதே நேரம் கரைந்திருக்கும். இரண்டாம் கட்டத்துக்கு மாதவரம், பூந்தமல்லி, செம்மஞ்சேரி எனத் தடங்களின் ஓரங்களில் பணிமனைகள் திட்டமிடப்பட்டதிலும் இதே தேவைதான் இருக்கிறது.

இடத்தை அளக்கும்போது ரயிலின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரேக் ஏறக்குறைய 86 மீட்டர். ஒரே லைனில் இரண்டை நிறுத்த 172 மீட்டர் போதும் என்று எழுதினால் தவறு. இரண்டுக்கும் நடுவே ஆள் கடக்கும் இடைவெளி, கடைசியில் முட்டுத்தடைக்கு முன் பாதுகாப்புத் தூரம், முன்னால் சிக்னலுக்கும் பாயின்ட்டுக்கும் விடவேண்டிய தூரம் எல்லாம் சேர்ந்து 200 மீட்டரைத் தாண்டும். லைன்களுக்கு இடையே துப்புரவுப் பணியாளர்கள் வாளியும் கருவியும் கொண்டு நடக்க மேடை வேண்டும். தண்ணீர், விளக்கு, கழிப்பறை, இரவுக் காவல் ஆகியவை இல்லாத இடத்தைத் தற்காலிக ஒதுக்கிடமாகக் கொள்ளலாமே தவிர, நிலையான நிறுத்துமிடமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நியூயார்க்கில் சுரங்கத்துக்குள் நிறுத்தி வைத்த ரயில்களின்மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போவது பழைய தலைவலி.

சரிவையும் பாருங்கள். நிறுத்திய ரயில் தானாக உருளக் கூடாது. இந்திய ரயில்வே நிலைய யார்டுகளுக்கு 400-க்கு 1 என்பதுதான் சரிவின் உச்சவரம்பு. அதைவிடச் சமமாக இருப்பதே நல்லது.

அடுத்தது வரிசை. ஒருபக்கம் மட்டும் திறந்த லைனில் கடைசியாக வந்த ரேக்தான் முதலில் வெளியே போகும். உள்ளே இருக்கும் ரேக்கைத்தான் அதிகாலையில் பராமரிப்புக்கு அனுப்ப வேண்டும் என்றால், நள்ளிரவில் மூன்று ரேக்கை நகர்த்த வேண்டும். மாலையில் எந்த ரேக் எந்த வரிசையில் உள்ளே வருகிறது என்பதை மறுநாள் காலைப் புறப்பாட்டிலிருந்து பின்னோக்கி எழுதினால் இந்த நகர்த்தல்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். இருபுறமும் திறந்த லைன்களாக இருந்தால் இன்னும் நல்லது. பணிமனைக்கு ஒரே வாய்தான் என்றால், அந்த ஒரு பாயின்ட் பழுதானால் நகரமே காலையில் ரயிலுக்குக் காத்து நிற்கும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு ரேக்கையாவது வேறு இடங்களில் நிறுத்துங்கள். இது என் சொந்த அளவுகோல். உங்கள் தடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: நடுப்பகல்

காலை நெரிசல் ஓய்ந்ததும் ரேக்குகளில் ஒரு பகுதி தேவைப்படாது. அவற்றைப் பணிமனைக்கே திருப்பினால் பகலிலேயே பரிசோதனையும் கழுவலும் முடியும், இரவு வேலை குறையும். பணிமனை தொலைவு என்றால் வாலில் ஒதுக்குங்கள். எங்கும் இடமில்லாவிட்டால் நடுப்பகலிலும் அவற்றை ஓட்டிக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. மின்சாரமும் ஓட்டுநர் நேரமும் அதற்குத் தனியாகச் செலவாகும்.

படி 8: ஆட்கள்

ரேக் இருக்கும் இடத்தில் ஓட்டுநர் இருக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்கு அந்த முனைக்கு அவர் எப்படி வருவார், எங்கே கையெழுத்துப் போடுவார், இரவு கடைசி ரேக்கை விட்டபின் எப்படி வீடு போவார் என்று எழுதாத திட்டம் முழுமையடையாத திட்டம். புதிய தடத்தில் ஓட்டுமுன் ஒவ்வொருவரும் வழிப்பழக்க ஓட்டம் செய்ய வேண்டும். அதற்கான நாட்களையும் அட்டவணையில் சேருங்கள்.

படி 9: மழை, புயல், பனி

2012 அக்டோபரில் சாண்டி புயல் வருமுன் நியூயார்க்கில் சேவையை நிறுத்தி, கோனி ஐலண்ட் போன்ற தாழ்வான யார்டுகளிலிருந்து ரயில்களை வெளியே எடுத்து உயரமான இடங்களில் நிறுத்தினார்கள். சுரங்கங்கள் சிலவற்றில் கடல்நீர் புகுந்தபோதும் ரயில்கள் தப்பின. அங்கே கடும் பனிக்காலத்திலும் திறந்தவெளி யார்டு ரயில்களைச் சுரங்கத்தின் விரைவுத் தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த நாட்களில் விரைவு ரயில்களும் எல்லா நிலையத்திலும் நின்றுபோகும். ரயில் நிறுத்துமிடம் தடத்தையே மாற்றிவிடுவதை இதைவிட வெளிப்படையாகப் பார்க்க முடியாது.

வடகிழக்குப் பருவமழை பார்க்கும் ஊரில் பணிமனையின் தரைமட்டத்தையும் பழைய வெள்ளத்தின் நீர்மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். எத்தனை மணி நேர முன்னறிவிப்பில் எல்லா ரேக்கையும் வெளியேற்ற முடியும், எங்கே நிறுத்துவீர்கள் என்பதை மழைக்கு முன்பே ஓட்டிப்பாருங்கள்.

படி 10: மாற்றும் இரவும் அதன் பிறகும்

புதிய அட்டவணை திங்கள் காலை என்றால், ஞாயிறு இரவே எல்லா ரேக்கும் புதிய முகவரிகளில் நிற்க வேண்டும். அந்த ஓர் இரவுக்கு மட்டும் தனி ரேக் லிங்க் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் பழைய அட்டவணையில் முடியும் ரயில்கள் புதிய அட்டவணையில் தொடங்கும் இடங்களில் இருக்காது. சிக்னல் கட்டுப்பாட்டுக் கணினியிலும் ரயிலின் பெயர்ப்பலகையிலும் அறிவிப்புக் குரலிலும் மாற்றம் ஏறியதா என்று தனித்தனியே சரிபாருங்கள்.

தற்காலிகமாகத் தடத்தை வெட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் வேளச்சேரி பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. 2024 அக்டோபர் 29 அன்றுதான் மீண்டும் கடற்கரைக்கு ஓடத் தொடங்கியது. முதலில் சொன்ன ஏழு மாதம் இரு மடங்கானது. வெட்டிய பகுதிக்குள் ஓடும் ரேக் பராமரிப்புக்கு எப்படி வெளியே போகும், சாதாரணமாக நடுவழியில் இருக்கும் ஒரு நிலையம் முனையாக மாறும்போது அங்கே கூட்டம் எங்கே நிற்கும், பணி இழுத்தால் இந்த ஏற்பாடு எத்தனை மாதம் தாங்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் மூடுவதற்கு முன் பதில் இருக்க வேண்டும்.

மாற்றம் நிலைத்தபிறகு பழைய இணைப்புகளையும் பாயின்ட்டுகளையும் பிடுங்கிவிடாதீர்கள். நியூயார்க்கில் 'எம்' ரயில் 2010-இல் புது வழி போக முடிந்தது கிறிஸ்டி தெரு இணைப்பால்தான். வில்லியம்ஸ்பர்க் பாலத்தை ஆறாம் அவென்யூவோடு சேர்க்கும் அந்தக் கிளையில் வழக்கமான பயணிகள் சேவை 1976-லேயே நின்றிருந்தது. தண்டவாளம் அங்கேயே கிடந்ததால், ஒரு புதிய தடத்தைக் கால அட்டவணையாலேயே உருவாக்க முடிந்தது.